சொல் புரியாதவர் கேட்ட தமிழ்



கானவ்யா துரைசாமி என்னும் பெயரை நம்மில் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டோம். அவர் திரைப்படத்தில் பாடிப் புகழ் பெற்றவர் அல்லர். சென்னையின் மார்கழிக் கச்சேரிச் சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் காணப்படுபவரும் அல்லர். ஆயினும் 2024-ஆம் ஆண்டு முதல் மேலைநாட்டு இசை விமரிசகர் நடுவே இத்தமிழ்ப் பெண்ணின் பெயர் மதிப்புடன் பேசப்பட்டு வருகிறது. நியூயார்க்கில் பிறந்து, தமிழகத்தில் வளர்ந்து, மீண்டும் அமெரிக்கா சென்று கற்றவர் இவர். பிறர் பாடல்களை எடுத்துப் பாடுவதோடு தாமே பாட்டியற்றி இசையமைக்கவும் செய்கிறார். நம் பங்கின் இளைஞர் சிலர் இவர் பாடல்களைக் கைபேசியில் கேட்டு வருகின்றனர். "இதைக் கேட்டால் கோவிலில் இருப்பது போல் இருக்கிறது, ஃபாதர், ஆனால் எந்தக் கோவில் என்றுதான் தெரியவில்லை" என்று அவர்களுள் ஒருவர் என்னிடம் சொன்னார். வெளிநாட்டு விமரிசனங்கள் சிலவற்றைப் படித்த பிறகு, அந்த இளைஞர் விமரிசகரைக் காட்டிலும் கூர்மையாகப் பேசியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றிற்று.

முதலில் இவரது இசை வந்த வழியைக் காண்போம். இவருடைய பாட்டியார் சீதா துரைசாமி, சலதரங்கம் வாசித்துக் கலைமாமணி விருது பெற்றவர். 1926-இல் பிறந்து 2013-இல் மறைந்தார். சலதரங்கத்தை நேரில் கண்டவர் இன்று குறைவு. பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் நீர் வார்த்து, மெல்லிய குச்சிகளால் விளிம்பைத் தட்டுவர். நீர் கூடினால் சுருதி தாழும், குறைந்தால் உயரும். அடித்த கணத்திலேயே தேயத் தொடங்கும் ஒலி அது. ஒரு சுவரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகத்தை உயிராகக் கொண்ட கருநாடக இசைக்கு, இப்படித் துளித் துளியாய் உதிரும் வாத்தியம் ஒரு சோதனையே. பேத்தியின் பாட்டில் விமரிசகர் வியக்கும் அம்சம், ஓர் ஒலியை எழுப்பிவிட்டு அது முற்றும் அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமையாகும். அப்பொறுமை அந்தக் கிண்ணங்களின் அருகிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். இதனுடன் அரிகதையும் யாத்திரைப் பாடல்களும் சேர்ந்தன. பின்னர் அமெரிக்காவில் ஜாஸ் இசையும் பல்கலைக்கழகப் படிப்பும் சேர்ந்தன. 2018-இல் வெளிவந்த 'ஐக்கியம்: ஒண்ணு' என்னும் இசைத்தட்டில், அமெரிக்கரின் பழைய ஜாஸ் பாடல்களைத் தமிழாக்கிப் பாடினார். அன்று அதைக் கவனித்தவர் சிலரே.

பெயர் பரவியது அண்மையில்தான். 2023 டிசம்பரில் சால்ட் என்னும் ஆங்கிலக் குழுவினர் இலண்டனில் முதன்முறையாக மேடையேறியபோது இவரும் அவர்களுடன் பாடினார். 2024 மார்ச்சில், சபாகா ஹட்சிங்ஸ் என்னும் குழலிசைக் கலைஞரின் நிறுவனம், வானத்தைப் போல நானும் வாய் பேசாதிருந்துவிட்டேன் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 'கோயிலின் மகள்' என்று பொருள்படும் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' வந்தது. இது 2022-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கூடியிருந்து பதிவு செய்தது. தமிழ்ப் பெற்றோரின் மகனான பியானோக் கலைஞர் விஜய் அய்யர், எஸ்பரான்சா ஸ்பால்டிங், நாடக இயக்குநர் பீட்டர் செல்லார்ஸ் ஆகியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். 2025-இல் 'நிலம்' வெளிவந்தது. இதில் கூட்டம் இல்லை. ஹார்ப் என்னும் மேலைநாட்டு யாழ் ஒன்று, பெரிய பாஸ் வயலின் ஒன்று, அவர் குரல் ஒன்று, அவ்வளவே.

இவற்றைக் குறித்து எழுதிய மேலைநாட்டினர் திரும்பத் திரும்ப எடுத்தாளும் சொற்கள் சில உண்டு. தியானம் என்பர்; வேண்டுதல் என்பர்; ஆன்மிக ஜாஸ் என்று ஒரு பெட்டியில் வைப்பர்; அல்லது சூழலிசை என்பர். சூழலிசையாவது, தாளமும் மெட்டும் பின்வாங்க, ஒலியின் நிறமும் எதிரொலியும் அறை முழுதும் நிறைந்து நிற்கும் இசை. பிரயன் ஈனோ என்னும் ஆங்கிலேயர் 1978-இல் விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டை வெளியிட்டு அதற்குப் பெயரும் சூட்டினார். கவனித்துக் கேட்டாலும் கேட்கலாம், கவனியாமல் விட்டாலும் விடலாம் என்பது அவர் அதற்கு வகுத்த இலக்கணத்தின் கருத்து.

பாராட்டு பொய்யன்று. குரல் அரியது, அடக்கம் அதனினும் அரியது. ஆனால் விமரிசகர் ஒரு வசதியைப் பயன்படுத்திக் கொள்கின்றனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரியாத மொழி எப்போதுமே பனிமூட்டம் போன்றது. அதில் எதுவும் மென்மையாகத்தான் தோன்றும். பொருள் புரியாதபோது சொல்லும் ஒரு வாத்தியமாகிவிடுகிறது. அவர்கள் 'சூழல்' என்று போற்றுவதில் பாதி, கானவ்யா உண்டாக்கியது. மீதிப் பாதி, கேட்போரின் அறியாமை உண்டாக்கியது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'நிலம்' என்னும் இசைத்தட்டுக்கு விமரிசகர் இட்ட அடைமொழிகள் அமைதி, ஆறுதல், தாலாட்டு என்பன போன்றவை. அதனுள் அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்று இடம் பெற்றுள்ளது. 'சினத்தவர் முடிக்கும்' என்று தொடங்குவது. அப்பாடலின் பொருளைத் தமிழறிந்தோர் எண்ணிப் பார்க்கட்டும். கோபத்தோடு எதிர்ப்பவரின் தலைக்கும், பகைப்பவரின் குடிக்கும், பழிப்பவருக்கும், நகைப்பவருக்கும் திருப்புகழே நெருப்பாகும் என்று அறைகூவும் பாடல் அது. ஆறுதல் கூறும் பாட்டன்று. கொள்ளி ஏந்திய பாட்டு. பெர்லினில் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாக உறங்கிப் போகலாம். நம்மூரில் ஒரு முதியவர் அதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். பாடியவர் எதை எண்ணி அந்தப் பாடலை அங்கே வைத்தார் என்பது விமரிசகர் எழுப்ப வேண்டிய முதற் கேள்வி. மென்மையான குரலுக்குள் இந்த நெருப்பை வைத்தது அறிந்து செய்த செயலா, அன்றி இளமையில் மனப்பாடம் செய்ததைப் பாடியதா? இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. சொல் தெரியாதவரால் இக்கேள்வியை எழுப்பவே இயலாது.

'நிலம்' என்ற தலைப்பும் அப்படியே. ஆங்கிலத்தில் அது வெறும் மண், பூமி. தமிழில் அது ஓர் இலக்கணம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். சங்கப் புலவன் தலைவியின் துயரத்தை நேரே சொல்வதினும், கடற்கரையையும் எற்பாட்டையும் கழியில் கூம்பும் நெய்தலையும் சொல்லி நிறுத்திவிடுவதையே விரும்பினான். சூழல் என்பதை மேலைநாட்டார் நேற்றுக் கண்டுபிடித்தது போலப் பேசுகின்றனர். ஈராயிரம் ஆண்டுகளாக நம் கவிதையின் அடித்தளமே அதுதான். ஆயினும் நம்மவர் முதற்பொருளோடு நின்றுவிடவில்லை. கருப்பொருளும் உரிப்பொருளும் உண்டு என்றனர். பிரிதலோ இரங்கலோ ஊடலோ, ஏதேனும் ஓர் உரிப்பொருள் அச்சூழலின் நடுவே இருக்க வேண்டும். உரிப்பொருள் இல்லாத நெய்தல் வெறும் கடற்கரை. மாலையில் காற்று வாங்கப் போகலாம். இந்த அளவுகோலை வைத்துக் கேட்டால், கானவ்யாவின் பாடல்களுள் எவை உயர்ந்தவை, எவை நீளத்தால் மட்டுமே ஆழமாகத் தோன்றுபவை என்பது ஓரளவு விளங்கும். 'நிலம்' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'கோயிலின் மகள்' சில இடங்களில் நல்லவர் பலர் ஒரே அறையில் கூடியிருந்தனர் என்ற செய்தியை மட்டுமே சொல்கிறது.

அந்தத் தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் படிப்போருக்கு அது கவிநயம் மிக்க தொடர். தமிழர் காதில் அது அவ்வளவு இலேசாக விழாது. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்களின் நெடிய வரலாறு அதன் பின்னே நிற்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடியதும், சென்னை மாகாணத்தில் 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அவ்வரலாற்றில் அடங்கும். நமக்கு அருகே திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அக்குலத்தில் தோன்றியவரே. இசையைக் காத்தவர்களும் அவர்கள். இழிவைச் சுமந்தவர்களும் அவர்கள். இத்தனையும் ஒரு தலைப்பில் இருக்கும்போது, அதனை இனிய தலைப்பு என்று மட்டும் எழுதிச் செல்வது விமரிசனமாகாது.

இனி நம் திருச்சிராப்பள்ளி வாசகர்கள் மகிழத்தக்க ஒரு செய்தி. விமரிசகர் ஏறத்தாழ அனைவரும் கானவ்யாவை ஆலிஸ் கோல்ட்ரேன் என்னும் கறுப்பினப் பெண்மணியின் வழித்தோன்றல் என்கின்றனர். 'கோயிலின் மகள்' அவருக்குச் செலுத்திய அஞ்சலியும் ஆகும். ஆலிஸ், புகழ்பெற்ற சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் மனைவி, ஹார்ப் வாசித்தவர். 1967-இல் கணவரை இழந்து நான்கு சிறு குழந்தைகளுடன் துயரில் ஆழ்ந்திருந்தபோது ஒரு துறவியின் வழிகாட்டுதலை நாடினார். 1971-இல் வெளிவந்த அவருடைய மிகச் சிறந்த இசைத்தட்டு அத்துறவியின் பெயரையே தாங்கியிருக்கிறது: 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. யார் அந்தச் சச்சிதானந்தர்? கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த தமிழர். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில், சுமார் 4 இலட்சம் இளைஞர் முன்னிலையில் தொடக்க உரையாற்றியவர் இவரே. ஒலியின் ஆற்றலைப் பற்றியே அன்று பேசினார். இவர் இளமையில் பிரமசரிய தீட்சை பெற்றது எங்கே தெரியுமா? காவிரியின் தென்கரையில் நமக்கு மேற்கே உள்ள திருப்பராய்த்துறையில், சுவாமி சித்பவானந்தரின் தபோவனத்தில்! கரூர்ச் சாலையில் பேருந்தில் போகும்போது நாம் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்து செல்லும் ஊர் அது. அங்கிருந்து இரிசிகேசம், இலங்கை, நியூயார்க் என்று சென்ற ஒரு கிளை, ஆலிஸின் ஹார்ப்பைத் தொட்டு, இன்று ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டில் வந்து பூத்திருக்கிறது. இலண்டன் விமரிசகர் இதனைக் கலிபோர்னியாவிலிருந்து தொடங்குகின்றனர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திருப்பராய்த்துறையை அவர்களுக்கு யார் சொன்னார்?

விமரிசகரின் புகழுரையை அளவோடு கொள்ள வேண்டும் என்பதற்கும் ஆலிஸின் கதை சான்று. 1961-இல் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பை 'ஜாஸுக்கு எதிரானது' என்று அமெரிக்காவின் முன்னணி ஜாஸ் ஏடொன்றில் ஒரு விமரிசகர் எழுதினார். கணவர் மறைவுக்குப் பின் ஆலிஸ் வெளியிட்டவற்றையும் அன்று பலர் அலட்சியம் செய்தனர். 1983-இல் அவர் கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பசனைப் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து தம் அடியார்க்குள்ளேயே வழங்கினார். 2007-இல் அவர் மறைந்தார். அந்த ஒலிநாடாக்கள் 2017-இல் உலகுக்கு வெளியிடப்பட்டபோது அதே விமரிசன உலகம் எழுந்து நின்று கைதட்டிற்று. பாட்டு மாறவில்லை, காலம் மாறிற்று. இன்று கானவ்யாவுக்குக் கிடைக்கும் பூமாலைகளும் ஓரளவு அந்தத் தாமதமான குற்றவுணர்விலிருந்து தொடுக்கப்பட்டவையோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பாடகிக்கு அதனால் நன்மையே. ஆயினும் நெடுநாள் நிற்கும் நன்மையாக இருக்க வேண்டுமாயின், அவர் மொழி அறிந்த நாம் எழுத வேண்டும். நான் கண்ட அளவில் நம் தமிழ் ஏடுகள் இவரைப் பற்றி எழுதியவை சொற்பம்.

காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். அங்கே மார்கழியில் நிகழும் அரையர் சேவையை ஒரு முறையேனும் காணுமாறு நம் பாடகர் குழுவினரை நான் தூண்டுவதுண்டு. உயர்ந்த குல்லாய் அணிந்து, கையில் சிறு தாளத்துடன், அரையர்கள் ஆழ்வார்களின் பாசுரத்தை முதலில் இசைப்பர்; பிறகு கையாலும் கண்ணாலும் அதே வரிக்கு அபிநயம் பிடிப்பர்; பிறகு வழிவழி வந்த வியாக்கியானத்தைச் சொல்வர். ஒரே சொல்லை இசையாகவும் உடலாகவும் உரையாகவும் மும்முறை நம் முன் வைக்கும் முறை இது. அங்கும் சூழல் உண்டு: கல்மண்டபம், விளக்கொளி, துளசி மணம். ஆனால் எல்லாம் சொல்லைத் தூக்கிப் பிடிக்கவே உள்ளன. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளுக்கு மேல் நடக்கும் அவ்விழாவில் விரைவு என்பதே இல்லை. மெதுவாகப் பாடுவது எல்லாமே மேலைநாட்டார் சொல்லும் 'தியான இசை' ஆகிவிடாது என்பதை அங்கு போய் அறியலாம்.

நமது வழிபாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. என் பாட்டியார் இலத்தீன் பூசையைப் பற்றிச் சொல்வார்: "ஒண்ணும் புரியாது, ஆனா மனசு நெறஞ்சிருக்கும்." சாமியார் பீடத்தை நோக்கி ஏதோ சொல்ல, சனங்கள் தம் போக்கில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பர். அதுவும் ஒரு சூழலிசையே. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டு, தாய்மொழிக்கு வாயில் திறந்தது. மக்கள் புரிந்துகொண்டு, முழுமையாகப் பங்கு பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். கிரகோரியார் இசைக்கு முதன்மை இடம் தந்த அதே சாசனம், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கும் உரிய மதிப்பைத் தரச் சொன்னது. நம் மறைமாவட்டத்தில் 1977-இல் தோன்றிய கலைக்காவிரி அந்த வழியில் எழுந்த நிறுவனமாகும்.

பாட்டின் இனிமைக்கும் சொல்லின் பொருளுக்கும் இடையிலான இந்த இழுபறி புதியதன்று. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவனுக்கு அறிக்கையிடும் நூலின் 10-ஆம் பகுதியில் இதைக் குறித்து மிகுந்த வேதனையுடன் எழுதுகிறார். பாடப்படும் பொருளைக் காட்டிலும் பாடும் குரலே தம்மை அசைக்கும்போது, தாம் பாவம் செய்வதாகவே உணர்ந்தார். பாட்டையே விலக்கிவிடலாமா என்றும் எண்ணினார்; ஆனால் மனந்திரும்பிய நாள்களில் ஆலயப் பாடலைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைந்து, விலக்க மனமின்றி நின்றார். அதே அகுஸ்தினார் திருப்பாடல்களுக்கு எழுதிய விரிவுரையில், அறுவடை செய்வோர் சொற்களைப் பாடிப் பாடி, மகிழ்ச்சி மிகுந்தவுடன் சொல்லையே விட்டுவிட்டு வெறும் ஒலியாகப் பாடுவதைக் காட்டி, சொல்லற்ற அக்களிப்பே இறைவனுக்கு ஏற்றது என்கிறார். இரண்டையும் ஒருவரே சொன்னார் என்பதை நான் முரண்பாடாகக் கருதவில்லை. அறுவடைக்காரர் சொல்லில் தொடங்கினர். சொல் போதாமையால் அதனைக் கடந்தனர். தொடக்கத்திலேயே சொல்லைத் தொலைத்துவிட்டவர்க்கு அந்த அனுமதி பொருந்துமா?

இக்கேள்வி நம் பாடகர் குழுக்களுக்கும் உரியது. இன்று நம் ஆலயங்களில் கீபோர்டு வாசிப்போர் ஒரு விசையை அழுத்தி, வயலின் கூட்டம் போன்ற நீண்ட ஒலியைப் பூசை முழுதும் ஓடவிடுகின்றனர். ஒலிபெருக்கியில் எதிரொலியையும் கூட்டுகின்றனர். திருவிழாப் பூசை ஒன்றில் பதிலுரைப் பாடல் முழுதையும் கேட்டேன். "ஆண்டவரே" என்னும் சொல்லைத் தவிர வேறெதுவும் எனக்கு விளங்கவில்லை. மக்கள் முகத்தில் பக்தி இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். இலத்தீனை விடுத்துத் தமிழைக் கொணர அறுபது ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு பாடுபட்டு, இன்று அந்தத் தமிழையே இலத்தீனாக்கிக் கொண்டிருக்கிறோமோ என்று எண்ணினேன். கானவ்யாவின் பாட்டில், கேட்பவனுக்குத் தமிழ் தெரிந்தால், சொல் ஒன்றுகூட மறையவில்லை. ஹார்ப் ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. நம் குழுக்கள் இவரிடம் கற்க வேண்டியது இதைத்தான்; ஆனால் அவர்களோ எதிரொலியை மட்டும் கற்கின்றனர்.

திருப்புகழும் ஞானேசுவரரின் வேண்டுதலும் உள்ள இசைத்தட்டைக் கிறிஸ்தவர் கேட்கலாமா என்றும் ஒரு தாயார் கேட்டிருந்தார். 1826-இல் திருச்சிராப்பள்ளிச் சீமையின் குளத்தூரில் பிறந்து, இவ்வூர் நீதிமன்றத்திலேயே பணியாற்றி, தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் சபையைச் சேர்ந்தவர். அவர் தம் கீர்த்தனை நூலுக்கு இட்ட பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. இதர மதத்தினரும் மேடைகளில் அவற்றைப் பாடி வந்துள்ளனர். அவர்கள் நம்மவர் பாட்டைக் கேட்டு மதம் மாறிவிடவில்லை. கேளுங்கள், அம்மா, பாடலின் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வரும் தவக்காலத்தில் இசைக்கருவிகளைப் பாட்டுக்குத் துணையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதனைச் சாக்காக வைத்து, எங்கள் பங்கில் ஐந்து ஞாயிறும் பதிலுரைப் பாடலைத் தம்பூராச் சுருதி மட்டும் வைத்துப் பாடுமாறு குழுவினரிடம் சொல்லியிருக்கிறேன். பெண்கள் உடனே இசைந்தனர். கீபோர்டு வாசிக்கும் தம்பி மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.